டேல் அண்ணைக்கு ஏழு மாதம் மூப்பு

என் அக்கா ஜோசப்பினுடைய கணவர் கிளிபோட் ஒரு பேஸ்போல் அணிக்குச் சொந்தக்காரர். அந்த அணியில் ஒருவனுக்கும் பந்து அடிக்கத் தெரியாது. நான் இல்லாததைச் சொல்லவில்லை, அச்சடித்தே கிடக்கிறது. மேசையில் வைத்து ஆடுகிற ஆட்டம் இது: ஆளுக்கு ஒரு காட், அதாவது அட்டை, ஒரு காட்டில் முப்பத்தாறு வரி. சிவப்புப் பகடை ஒன்றையும் வெள்ளைப் பகடை ஒன்றையும் உருட்டி, வருகிற எண்ணுக்குரிய வரியை வாசித்தால் அதுதான் அவன் அடித்த அடி. மைதானத்தில் அந்த ஆள் ஒரு வருடம் முழுக்க எப்படி அடித்தானோ, அதே அளவில் அந்த வரிகளை நிரப்பியிருப்பார்கள். கெட்டிக்காரனுடைய காட்டில் ஹோம் றன் என்கிற ஆகப் பெரிய அடி ஐந்தாறு இடத்தில் நிற்கும். அத்தானுடைய ஆட்களின் காட்டை எடுத்தால் அவுட், அவுட், அவுட். வாசித்துக்கொண்டு போனால் செபமாலை சொல்வது போல இருக்கும்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். பத்துத் தரம் அடிக்கப் போய் மூன்று தரம் ஒழுங்காக அடித்தவன் பெரிய ஆள். இரண்டு தரம் என்றால் வேலைக்கு ஆபத்து. அத்தானுடைய ஒன்பது பேரும் அந்த இரண்டுக்கும் கீழே. அதற்குள்ளும் ஆகக் கீழே கிடப்பவன் டேல் பின்னொக். அவனுடைய முப்பத்தாறு வரியில் முப்பது வரி அவுட்.

அத்தானுக்கு ஐம்பத்துநாலு வயது. வெக்ஸ்போர்ட்டில் ஒரு ஹாட்வெயார் கடையில், பெயின்ற் கலக்கும் மேசைக்குப் பின்னால் இருபத்தைந்து வருடமாக நிற்கிறார். சனம் ஒரு நிறத்தைச் சொல்லிக் கலக்குவித்துக் கொண்டுபோய், சுவரில் பூசிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொண்டுவரும். அந்த வாளிகளைப் பிறகு ஒருவரும் சீண்டமாட்டார்கள். அத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். அவர்களுடைய விறாந்தை பழப்புளி நிறம். குசினி இருமல் மருந்து நிறம். குளியலறைக்கு என்ன நிறம் என்று சொல்ல எனக்கு இதுவரை ஒரு சொல் கிடைக்கவில்லை.

"இவ்வளவு வடிவான நிறத்தை வேண்டாமெண்டு விட்டிட்டுப் போட்டுதுகள், பாவம்" என்பார். அவர் பாவம் என்றது பெயின்றை.

இவருக்கும் பேஸ்போலுக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்பதைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலம், இருபது வயது, கூட்டாளி றோயுடன் ஒரு அடுக்குமாடியில் ஒற்றை அறை. கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில், குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு சப்பாத்துப் பெட்டி கிடந்திருக்கிறது. உள்ளே காட்கள், இரண்டு பகடை, ஒரு விதிப் புத்தகம். பெட்டிக்காரன் நல்ல ஆட்டக்காரர் எல்லாரையும் எடுத்துக்கொண்டு, உதவாத ஆட்களை மட்டும் எறிந்துவிட்டுப் போயிருக்கிறான். அது இவர்கள் இரண்டு பேருக்கும் எப்படித் தெரியும்? அகராதியை வைத்துக்கொண்டு விதிகளை வாசித்து, இரவுவேலைக்குப் போகமுன் தினமும் ஒரு ஆட்டம் ஆடி, இரண்டு வருடமாக அந்த ஆட்களைத்தான் உலகத்தின் மகா வீரர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். யாராவது தவறி ஒரு அடி அடித்துவிட்டால் கட்டிலில் ஏறிக் குதிப்பார்களாம்.

பிறகு ஒருநாள் வேலையிடத்தில் யாரோ கொடுத்த ரிக்கெற்றில் நிஜ ஆட்டம் பார்க்கப் போனார்கள். அன்றைக்கு ஒருவன் நாலு தரம் வந்து நாலு தரமும் அடித்தான். அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உது என்ன விளையாட்டு? உவன் சும்மா சும்மா அடிக்கிறானே" என்று றோயைக் கேட்டாராம். இன்றுவரைக்கும் நன்றாக அடிக்கிற ஆட்கள் அவருக்குக் கொஞ்சம் மரியாதையில்லாத ஆட்கள்தான்.

எங்கள் சங்கம் தொடங்கிப் பன்னிரண்டு வருடம். எட்டுப் பேர், எட்டு அணி. அஜின்கோர்ட்டில் ஸ்ரீதரன் அண்ணை இருக்கும் கொண்டோ அடுக்குமாடியின் பார்ட்டி றூமில் ஞாயிறு பின்னேரம் கூடுவோம். ஸ்ரீதரன் அண்ணை வீடு விற்கும் ஏஜென்ற். பேச்சும் உடுப்பும் அதற்கேற்ற மாதிரி. அவர் தலைவர், நான் செயலாளர். எந்த வருடத்துக் காட்டையும் வைத்து ஆடலாம் என்பது எங்கள் விதி. மற்றவர்கள் எல்லாரும் தேடித்தேடிப் பீமன்களைச் சேர்க்க, அத்தான் மட்டும் அந்தச் சப்பாத்துப் பெட்டியோடு வருவார். பன்னிரண்டு வருடமும் கடைசி இடம் அவருக்குத்தான். வேறு யாருக்கும் அந்த இடத்தில் ஆசையும் இல்லை.

தோற்பதை விடுங்கள், அவர் ஆடுகிற விதம்தான் ஆளைக் கொல்லும். பேஸ்போலில் யாருக்குப் பின் யார் அடிப்பது என்று ஆட்டத்துக்கு முன் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். நாங்கள் எல்லாரும் மண்டையை உடைத்து, எவன் ஓடுவான், எவன் அடிப்பான் என்று பார்த்து எழுதுவோம். அத்தான் வயதுப்படி எழுதுவார். மூத்தவர் முதல், இளையவர் கடைசி. காட்டின் மூலையில் பிறந்த திகதி அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து வரிசை போடுவார்.

"வயசுக்கு மூத்த மனிசனைப் பின்னால நிக்க விட்டிட்டு, இளந்தாரியை முன்னால விடுறதோ? எங்கட வீட்டில உப்பிடி இல்லை" என்பார். ஏதோ அந்த ஒன்பது பேரும் அவருடைய பெரியப்பா மக்கள் மாதிரி. தன்னிலும் மூத்த காட்டுக்கு 'அண்ணை' போடுவார். அச்சடித்த வருடத்தைப் பார்த்தால் ஒன்பது பேருமே அவருக்கு அண்ணைமார்தான்.

போன புரட்டாதியில், அதாவது செப்டெம்பரில், ஸ்ரீதரன் அண்ணை ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இருபத்தெட்டு ஆட்டத்தில் பத்து ஆட்டமாவது வெல்லாத அணி சங்கத்தைவிட்டு விலகவேண்டும். ஒஷாவாவில் ராகுலன் என்றொருவர் இடத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறாராம், லப்டொப்போடு வருவாராம். "சங்கத்தின்ர தரத்தை உயர்த்த வேணும்" என்றார் ஸ்ரீதரன் அண்ணை. ஒருவரும் அத்தானுடைய முகத்தைப் பார்க்காமல் கையை உயர்த்தினார்கள். செயலாளர் என்றபடியால் எனக்கு வாக்கு இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது.

அன்றைக்கு அத்தானைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும்போது கேட்டேன்.

"அத்தான், ரெண்டு நல்ல காட்டை வாங்கிச் சேருங்கோவன். நான் தாறன்."

அவர் மடியில் பெட்டியை வைத்து மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னைப் போகச் சொன்னால் நான் போவன் பிள்ளை. உவையள் எங்க போவினம்? நான் விட்டால் இந்த உலகத்தில வேற ஆர் உவையளை அடிக்க விடப்போகினம்?"

அக்கா வேறு மாதிரிக் கவலைப்பட்டாள். "ஞாயிறு பின்னேரம் வீட்டில நிண்டால் உந்த மனிசன் மற்ற அறைகளுக்கும் பெயின்ற் அடிக்கும்" என்று போனில் அழாக்குறை.

இனிக் கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். சித்திரை ஆறாம் திகதி, இங்கத்தைய ஏப்ரல் ஆறு. அத்தான் அதுவரைக்கும் ஒன்பது வென்றிருந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவருக்கு அது சாதனை. எப்படி வந்ததென்று கேட்காதீர்கள், பகடைக்கும் எப்போதாவது இரக்கம் வரும். பத்தாவதை வெல்ல ஒரே ஒரு ஆட்டம் மிச்சம். எதிராளி நான்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. நான் வென்றால் கோப்பை எனக்கு, தோற்றால் ஸ்ரீதரன் அண்ணைக்கு. அதாவது அத்தானைச் சங்கத்தைவிட்டுக் கலைக்கத் தீர்மானம் கொண்டுவந்த அதே மனிதர், அன்றைக்கு அத்தான் வெல்லவேண்டும் என்று அஜின்கோர்ட்டில் இருக்கிற எல்லாக் கோயிலுக்கும் நேர்த்தி வைத்துவிட்டு வந்து குந்தியிருந்தார். நெற்றியில் வீபூதி மூன்று குறி, பளிச்சென்று. அத்தானுக்குத் தேத்தண்ணி அவரே ஊற்றிக் கொடுத்தார்.

ஆட்டம் தொடங்கமுன் அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ விட்டுக்குடுத்தியெண்டால் எனக்குத் தெரியும். பிறகு நான் உன்னோட கதைக்க மாட்டன். விளங்குதோ?"

"உங்களுக்கு விட்டுக்குடுக்க எனக்கென்ன விசரே? கோப்பை எனக்கு வேணும்."

"அது நல்லது" என்று சிரித்தார். என் கைப்பையில் அவரை விலக்கும் கடிதம் அச்சடித்து, கையெழுத்து வைத்து, மடித்துக் கிடந்தது. செயலாளர் வேலை, முன்கூட்டியே செய்துவிட்டேன். ஆட்டம் முழுக்க அந்தப் பையை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் ஒழுங்காகத்தான் ஆடினேன். அப்படி இருந்தும் என் பீமன்கள் அன்றைக்கு நித்திரை. ஒன்பதாவது, அதாவது கடைசி இனிங்ஸின் இரண்டாம் பாதியில் நான் நாலு ஓட்டம், அத்தான் மூன்று. அவருடைய ஆட்கள் அடிக்கிறார்கள். இரண்டு பேர் அவுட், இன்னும் ஒரு அவுட் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் ஓடிச் சுற்றி வரவேண்டிய மூன்று தளத்திலும் அவருடைய ஆள் நிற்கிறான். எப்படி என்று கேட்டால், ஒருவன் தவறி அடித்தான், மற்ற இருவருக்கும் என் ஆட்கள் பந்தைக் கோட்டை விட்டார்கள். அறையில் ஒருவரும் தின்ன வைத்திருந்த றோல்ஸைத் தொடவில்லை. ஸ்ரீதரன் அண்ணை தன் மஃப்ளரைக் கடித்துக்கொண்டிருந்தார்.

தாளின்படி அடுத்தது ஏர்னி வோர்க்கல். அவனுக்குப் பின்தான் டேல். அன்றைக்கு நடுவர் துவாரகா, இருபத்திநாலு வயது, இங்கேயே பிறந்த பிள்ளை. வரியை வாசிப்பதற்காக ஏர்னியின் காட்டை எடுத்தவள், மூலையைப் பார்த்துவிட்டுத் துள்ளினாள்.

"ஓ மை காட் அங்கிள், நவம்பர் தேர்ட்! ஏர்னிக்கும் எனக்கும் ஸேம் பேர்த்டே!"

அத்தான் நிமிர்ந்தார். "இல்லைப் பிள்ளை. மார்ச் பதினொண்டு."

"நோ அங்கிள், பதினொண்டு ஸ்லாஷ் மூண்டு. அமெரிக்கன் காட்தானே? மன்த் முன்னுக்கு வரும்."

அத்தான் காட்டை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். பிறகு டேலின் காட்டை எடுத்தார். அதில் நாலு, கோடு, ஒன்பது. இவ்வளவு காலமும் அதைச் செப்டெம்பர் நாலு என்று வாசித்திருக்கிறார். ஊரிலிருந்து வந்த நாங்கள் எல்லாரும் இந்தக் குழியில் ஒருதரமாவது விழுந்தவர்கள்தான். எனக்கே லைசென்ஸ் அலுவலகத்தில் இரண்டு பிறந்தநாள் இருந்தது. ஒன்பது பேரில் ஏர்னியும் டேலும் மட்டும் ஒரே வருடத்துப் பிள்ளைகள், மற்றவர்களை வரிசை போட வருடமே போதும். ஏப்ரலில் பிறந்த டேல் மூத்தவன், நவம்பரில் பிறந்த ஏர்னி இளையவன். அப்படியென்றால் பன்னிரண்டு வருடமாக அத்தான் மூத்தவனைப் பின்னால் நிற்க வைத்திருக்கிறார்.

அந்த மனிதருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கலியாண வீட்டில் சம்பந்தியைக் கதவடியில் நிற்கவிட்டதை இப்போதுதான் அறிந்தவர் மாதிரி. ஏர்னியின் காட்டைக் கீழே வைத்தார். டேலின் காட்டை நடுவில் வைத்தார். பகடையைக் கையில் எடுத்தார்.

இந்த இடத்தில் ஒரு விதி சொல்லவேண்டும். தாளில் உள்ள வரிசையை மாற்றி ஒருவன் அடித்தால், எதிராளி பார்த்துச் சொல்லலாம். உருட்டமுன் சொன்னால் சரியான ஆள் வந்து அடிப்பான், ஒரு நட்டமும் இல்லை. உருட்டினபின் சொன்னால், என்ன அடி விழுந்திருந்தாலும் செல்லாது, ஒரு அவுட். நடுவர் தானாகச் சொல்லக்கூடாது. பார்த்துக்கொண்டிருப்பவர் வாய் திறந்தால், யாருக்கு உதவியாகச் சொன்னாரோ அவர் தோற்றதாக முடிவு. இந்தக் கடைசி விதியைக் கொண்டுவந்தவர் ஸ்ரீதரன் அண்ணை.

ஆக, நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். டேல் அவுட் ஆனால் எனக்கு வெற்றி. டேல் வானத்துக்கு அடித்தாலும் நான் கையைத் தூக்க, எனக்கு வெற்றி. கோப்பை வந்து என் மடியில் குந்தப்போகிறது. களவும் இல்லை, பொய்யும் இல்லை, விதிப் புத்தகத்தில் இருக்கிறபடி. ஸ்ரீதரன் அண்ணைக்கும் இது முழுக்க விளங்கிவிட்டது. மஃப்ளர் பாதி வாய்க்குள், கண் இரண்டும் வெளியில். அவர் 'காட்டை மாத்து' என்று ஒரு சொல் சொன்னால் அத்தான் தோற்றுப்போவார், கோப்பை எனக்கு. சொல்லாவிட்டாலும் எனக்கு. தன் விதியே தன் கழுத்தைப் பிடிக்க, மனிதர் கதிரையில் இருந்தபடியே ஒருவகை நடனம் ஆடினார். துவாரகா சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டாள்.

நான் பேசாமல்தான் இருந்தேன். மறைக்கவில்லை. நாலு விநாடி, ஐந்து விநாடி. கோப்பையை எங்கே வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அத்தான் பகடையைக் கைக்குள் வைத்து ஊதினார். பிறகு குனிந்து, அந்தக் காட்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"டேல் அண்ணை, பன்னிரண்டு வருசமா உங்களைப் பின்னால விட்டிட்டன். வேணுமெண்டு செய்யேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கோபமா அழுகையா என்று தெரியாது. மேசையில் அடித்தேன்.

"நிப்பாட்டுங்கோ! உருட்டாதேங்கோ அத்தான்! வரிசை பிழை. தாளில ஏர்னிதான் இருக்கு."

ஸ்ரீதரன் அண்ணை மஃப்ளரைத் துப்பிவிட்டு மூச்சு விட்ட சத்தம் லொபிக்குக் கேட்டிருக்கும்.

அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம். "நீ விட்டுக்குடுக்கிறியோ?"

"இல்லை! பிழையைச் சொல்லுறன். ஏர்னியை வையுங்கோ. உருட்டுங்கோ. அவுட் ஆகுங்கோ. நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்ட போறன்."

"தெரியாமல் செய்தது ஒண்டு, பிள்ளை. தெரிஞ்சுகொண்டு எப்பிடி மூத்தவரைப் பின்னால விடுறது?"

"ஏழு மாசம் அத்தான்! டேல் அண்ணைக்கு ஏழு மாசம்தான் மூப்பு! ஏழு மாசத்துக்கு ஒருதரும் குறை நினைக்க மாட்டினம். டேல் அண்ணை பெரிய மனிசன், பொறுப்பார்."

நானும் அந்த அட்டைத்துண்டை அண்ணை என்று சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தான் டேலின் காட்டைப் பக்கத்தில் வைத்து, "இந்த ஒருக்கா மட்டும் அண்ணை" என்றார். ஏர்னியை நடுவில் வைத்தார். உருட்டினார்.

சிவப்பு நாலு, வெள்ளை மூன்று. துவாரகா விரலை ஓட்டினாள். "வோக்!"

நாலு பந்து தப்பாகப் போனால் ஆள் அடிக்கத் தேவையில்லை, சும்மா நடந்துபோய்த் தளத்தில் நிற்கலாம். ஏர்னி நடக்க, எல்லாரும் ஒவ்வொரு தளம் தள்ள, மூன்றாம் தளத்தில் நின்றவன் 'வீடு' என்கிற கடைசித் தளத்துக்கு வந்து ஒரு ஓட்டம் சேர்த்தான். நாலுக்கு நாலு. அறை அதிர்ந்தது. தோற்கப்போகிறேன் என்ற பயத்திலா, வேறெதற்குமா தெரியாது, நானும் எழும்பி நின்றுவிட்டேன்.

இப்போது டேல். முப்பது வரி அவுட், ஆறு வரி மிச்சம். அந்த ஆறில் எது வந்தாலும் அத்தானுக்கு வெற்றி. அத்தான் உருட்டினார். சிவப்பு உடனே ஆறில் நின்றது. வெள்ளை நிற்கவில்லை. றோல்ஸ் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி, தேத்தண்ணிக் கப்பில் முட்டி, மேசை விளிம்புக்குப் போய், யோசித்து, நின்றது. அதுவும் ஆறு.

சிவப்பை முன்னும் வெள்ளையைப் பின்னும் வைத்து வாசித்தால் அறுபத்தாறு. காட்டின் ஆகக் கடைசி வரி. அதில் என்ன இருக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. துவாரகா காட்டைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அவள் வாசிக்கமுன்னே அத்தானுடைய மீசை விரியத் தொடங்கிவிட்டது. அவருக்கு அது மனப்பாடம்.

"ஹிற் பை பிச்!" என்று துவாரகா கத்தினாள்.

எறிந்த பந்து ஆளின் உடம்பில் பட்டுவிட்டதாம். பட்டால் அவனுக்கு ஒரு தளம் இலவசம். தளமெல்லாம் நிரம்பியிருந்தபடியால் ஒருவன் வீட்டுக்கு வரவேண்டியதுதான். ஐந்துக்கு நாலு. உலகத்தில் ஆகக் கடைசியான ஆட்டக்காரன், துடுப்பை அசைக்காமல், விலா எலும்பைக் கொடுத்து வென்றுவிட்டான்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. ஸ்ரீதரன் அண்ணை அத்தானைக் கட்டிப்பிடித்து, தூக்கி, நெற்றியில் கொஞ்சினார். வீபூதி இவருடைய நெற்றிக்கும் ஒட்டிவிட்டது. சங்கத்தின் தரத்தைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. கொண்டோ காவலாளி வந்து எட்டிப் பார்த்தார், அவருக்கும் ஒரு றோல்ஸ் கொடுத்து அனுப்பினோம். அத்தான் கதிரையில் ஏறிக் குதித்தார், ஐம்பத்துநாலு வயதில். நான் சிரித்துச் சிரித்து, கண்ணீர் வழிய, கோப்பை போய்விட்டதென்று நினைக்க நினைக்க இன்னும் கூடச் சிரித்தேன். இவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் வென்றதில்லை.

களைத்து உட்கார்ந்ததும் அத்தான் பேனை கேட்டார்.

"வாற சீசனுக்கு லைனப்பை இப்பவே மாத்தி எழுது பிள்ளை. மறந்துபோயிடும்."

தாளுக்குப் பையைத் துழாவினேன். கையில் வந்தது அந்தக் கடிதம். ஒளிக்கமுன் அவர் வாங்கி விரித்துவிட்டார். மேலிருந்து கீழே முழுவதையும் வாசித்தார். என் காது சுட்டது. சிரிப்பு முழுக்க எங்கேயோ போய்விட்டது.

"உதில திகதி என்ன? ஆறு, கோடு, நாலு" என்றார் கடைசியில். "அமெரிக்கன் காட்டுக் கணக்கில பார்த்தால் உது ஜூன் நாலாம் திகதிக் கடிதம். இன்னும் நாள் கிடக்கு. இப்ப செல்லாது."

கடிதத்தைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே வர என் முன்னால் வைத்தார். நான் எழுதத் தொடங்கினேன். மூத்தவர் முதலாக, அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பெயராக. ஐந்தாவது இடத்துக்கு வந்ததும் டேல் பின்னொக் என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை எண்டும் போடு" என்றார்.

போட்டேன்.